தன்மதிப்பு அளவுகோல்கள்: வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் தம்மைத் தாமே எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை எண்ணால் குறிக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டு உளவியலின் குறிப்பிடத்தக்க முயற்சிகளுள் ஒன்றாகும். உயரத்தை அளக்கக் கோல் உண்டு. எடையை அளக்கத் தராசு உண்டு. தன்மதிப்பை அளக்க உளவியலார் பெரிதும் நம்பிய கருவி வாக்கியமே ஆகும். ஒரு கூற்றைப் படித்து அதனை ஏற்பதும் மறுப்பதுமே இங்கு அளவீடு எனப்படுகிறது. ஆகவே இவ்வளவுகோல்களின் வரலாறு உளவியலின் வரலாறாக இருப்பதோடு, வாக்கிய அமைப்பின் வரலாறாகவும் அமைகிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் எழுந்த இக்கருவிகள் பிறமொழிகளுக்குச் சென்றபோது நேர்ந்தவற்றை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வரலாற்றை நிரல்படத் தொகுத்து, தமிழாக்கத்தில் எழும் சில சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தொடக்கக் காலம்

தன்மதிப்பு என்னும் கருத்தை உளவியலில் நிலைநிறுத்தியவர் வில்லியம் ஜேம்ஸ். 1890ஆம் ஆண்டில் வெளிவந்த உளவியல் கோட்பாடுகள் குறித்த தம் பெருநூலில், தன்மதிப்பை ஒரு பின்னமாக அவர் விளக்கினார். ஒருவர் அடைந்த வெற்றி மேலெண். அவர் தமக்கெனக் கொண்ட எதிர்பார்ப்பு கீழெண். வெற்றி பெருகினாலும் தன்மதிப்பு உயரும். எதிர்பார்ப்பு குறைந்தாலும் உயரும். இவ்விளக்கம் கணக்கின் வடிவில் இருப்பினும், ஜேம்ஸ் எவரையும் அளந்தாரல்லர்.

குழந்தைகளின் தன்னுணர்வு பொதுவாழ்வில் பெரும்பொருளாக ஆனது கறுப்பினக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளால் ஆகும். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியலாளர் இணையர் நிறத்தால் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் குழந்தைகளிடம் காட்டி, நல்ல பொம்மை எது, கெட்ட பொம்மை எது, உன்னைப்போல் இருப்பது எது என வினவினர். 1940களில் நிகழ்ந்த இவ்வாய்வுகளில் கறுப்பினக் குழந்தைகள் பலர் வெள்ளைப் பொம்மையையே நல்லதெனச் சுட்டினர். பள்ளிகளில் இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என 1954ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. எனினும் பொம்மையைத் தேர்தல் என்பது தன்மதிப்பின் நேரடி அளவீடு அன்று. அதிலிருந்து பெறப்படும் ஊகமே ஆகும்.

3. ரோசன்பர்க்கின் பத்துக் கூற்றுகள்

நேரடியாக வினவும் முறைக்கு வழிவகுத்தவர் சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பர்க். நியூயார்க் மாநிலத்தின் 10 பொது உயர்நிலைப் பள்ளிகளில் பயின்ற 5,024 மாணவரிடம் நடத்திய ஆய்வை அவர் 1965ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதில் இடம்பெற்ற அளவுகோல் பத்துக் கூற்றுகளே கொண்டது. ஐந்து உடன்பாட்டுப் பொருளின. ஐந்து எதிர்மறைப் பொருளின. எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் தரும் இயல்பைத் தடுப்பதற்காக இருவகையும் கலந்து வைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் முற்றிலும் ஏற்பது முதல் முற்றிலும் மறுப்பது வரை நான்கு நிலைகள் உண்டு.

ரோசன்பர்க் உயர்ந்த தன்மதிப்பு எனக் கருதியது பிறரினும் தான் சிறந்தவன் என்னும் எண்ணத்தை அன்று. தான் மதிக்கத்தக்கவன், இருப்பதே போதுமானவன் என்னும் உணர்வையே ஆகும். இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளர் மறத்தற்கரியது.

இவ்வளவீட்டு முறையின் பயன் விரைவில் வெளிப்பட்டது. ரோசன்பர்க்கும் ராபர்ட்டா சிம்மன்சும் பால்டிமோர் நகரப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினக் குழந்தைகளின் தன்மதிப்பு வெள்ளையினக் குழந்தைகளினதைவிடக் குறைந்ததாக இல்லை. பொம்மைகளைக்கொண்டு செய்த ஊகத்தையும் நேரடியாக வினவிப் பெற்ற விடையையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பது இதனால் தெளிவாயிற்று. இனத்தைப் பற்றிய மனப்பான்மை வேறு. தன்னைப் பற்றிய மதிப்பு வேறு.

4. குழந்தைக்கேற்ற வாக்கியம்

ரோசன்பர்க்கின் கூற்றுகள் பதின்பருவத்தினர்க்கு உரியன. இளஞ்சிறார்க்கெனத் தனிக் கருவிகள் வேண்டப்பட்டன. எல்லன் பியர்ஸ், டேல் ஹாரிஸ் ஆகியோர் 1960களில் உருவாக்கிய அளவுகோல் 80 கூற்றுகள் கொண்டது. ‘ஆம்’, ‘இல்லை’ என்பனவே விடைகள். 2002ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் கூற்றுகள் 60ஆகக் குறைக்கப்பட்டன. ஸ்டான்லி கூப்பர்ஸ்மித் 1967ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். அவருடைய பள்ளிப் படிவத்தில் 58 கூற்றுகள் உள்ளன. அவற்றுள் 8 தன்மதிப்பை அளப்பன அல்ல. குழந்தை தன்னை மிக நல்லதாகக் காட்டிக்கொள்ள முயல்கிறதா என்பதைக் கண்டறிவன.

இச்சிக்கலுக்கு வாக்கிய அமைப்பிலேயே தீர்வு கண்டவர் டென்வர் பல்கலைக்கழகத்தின் சூசன் ஹார்ட்டர். 1982ஆம் ஆண்டில் வெளிவந்து 1985ஆம் ஆண்டில் விரிவாக்கம் பெற்ற அவருடைய கருவியில் தன்மை ஒருமை இல்லை. சில குழந்தைகள் இவ்வாறு இருப்பர், வேறு சில குழந்தைகள் அவ்வாறு இருப்பர் என்னும் இருபகுதி வாக்கியங்களே உள்ளன. தான் எப்பகுதியினரைப் போன்றது என்பதை முதலில் குழந்தை தெரிவுசெய்யும். அது ஓரளவு உண்மையா, முற்றிலும் உண்மையா என்பதைப் பின்னர்க் குறிக்கும். இருவகைக் குழந்தைகளும் உலகில் உண்டு என வாக்கியமே ஒப்புக்கொள்வதால், குறையைச் சொல்லுவதில் உள்ள கூச்சம் குறைகிறது. 36 கூற்றுகளும் கல்வி, தோழமை, விளையாட்டு, தோற்றம், நடத்தை, பொதுவான தன்மதிப்பு என ஆறு கூறுகளாகப் பகுக்கப்பட்டன. ஏறத்தாழ எட்டு வயதுக்கு முன் தன்னை ஒட்டுமொத்தமாக மதிப்பிட்டுச் சொல்லால் உரைத்தல் குழந்தைக்கு அரிது என ஹார்ட்டர் கருதினார். இதனால் அதற்கும் இளையோர்க்கெனப் படங்களால் அமைந்த கருவி 1984ஆம் ஆண்டில் வெளிவந்தது.

5. அரசின் கைக்கு வந்த அளவுகோல்

1986ஆம் ஆண்டில் கலிபோர்னிய மாநிலம், சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கான்செலோசின் முயற்சியால், தன்மதிப்பை வளர்ப்பதற்கெனச் சட்டவழி ஒரு குழுவை அமைத்தது. போதைப்பழக்கம், குற்றம், கல்வியில் பின்னடைவு ஆகியவற்றுக்குத் தன்மதிப்பை ஒரு தடுப்பூசியாக அக்குழு கருதியது. 1990ஆம் ஆண்டில் அதன் இறுதி அறிக்கை வெளிவந்தது. ஆனால் 1989ஆம் ஆண்டில் இம்முயற்சியை ஒட்டி வெளியான ஆய்வுத் தொகுதியே, தன்மதிப்புக்கும் இச்சமூகச் சிக்கல்களுக்கும் இடையே கண்ட தொடர்பு பெரிதும் வலுவற்றது என ஒப்புக்கொண்டது. ராய் பாமைஸ்டரும் பிறரும் 2003ஆம் ஆண்டில் செய்த மதிப்பாய்வு, தன்மதிப்பை உயர்த்துவதால் மட்டும் கல்வித்தேர்ச்சி உயர்வதில்லை எனக் காட்டியது. எண்ணுக்கு உரிய வரம்பை மறந்து அதன்மீது கொள்கையை எழுப்பியதன் விளைவு இது எனலாம்.

6. பிறமொழிகளில் எட்டாம் கூற்று

டேவிட் ஷ்மிட், ஜூரி ஆலிக் ஆகியோர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, 53 நாடுகளில் 28 மொழிகளில் ரோசன்பர்க் அளவுகோலைப் பயன்படுத்தியது. பங்கேற்றோர் பெரும்பாலும் கல்லூரி மாணவர். எனினும் மொழிபெயர்ப்பைப் பற்றி அவ்வாய்வு தந்த செய்தி இளையோர் கருவிகளுக்கும் பொருந்தும். எல்லா நாடுகளிலும் சராசரி நடுப்புள்ளிக்கு மேலேயே இருந்தது. உடன்பாட்டுக் கூற்றுகளுக்கும் எதிர்மறைக் கூற்றுகளுக்கும் கிடைத்த விடைகள் பல நாடுகளில் ஒத்துச் செல்லவில்லை. எட்டாம் கூற்று பல இடங்களில் பிற ஒன்பதோடும் இயையாமல் நின்றது. சீன மொழிபெயர்ப்பிலும் இக்கூற்று சிக்கல் விளைவித்ததை 1990களில் ஆய்வாளர் சுட்டியுள்ளனர்.

தன்னிடம் தனக்கு உள்ள மதிப்பு இன்னும் மிகுதியாக இருக்கக்கூடாதா என்னும் ஏக்கத்தை அக்கூற்று தெரிவிக்கிறது. ஆங்கிலத்தின் வினையமைப்பு, விரும்பும் பொருள் இப்போது இல்லை என்பதை உள்ளடக்கி நிற்கிறது. ஆகவே அதனை ஏற்பவர் தன்மதிப்புக் குறைந்தவராகக் கணிக்கப்படுவர். அக்குறிப்பு இழக்கப்படும் மொழியில் ஏக்கம் குறிக்கோளாக மாறுகிறது. மேலும் உயர விரும்பும் குழந்தை அதனை மகிழ்வோடு ஏற்கும், மதிப்பெண்ணை இழக்கும்.

7. தமிழாக்கச் சிக்கல்கள்

தமிழிலும் இந்நிலை நேரும். ‘வேண்டும்’, ‘விரும்புகிறேன்’ என்பன குறிக்கோளை உணர்த்துவன. இல்லாமையை உணர்த்த ‘இருந்திருக்கலாமே’, ‘இருந்தால் நன்றாயிருக்குமே’ என ஏகாரம் ஏற்ற வடிவங்களே துணைபுரியும். அகராதிப் பொருளால் நேர்மையான மொழிபெயர்ப்பு, அளவீட்டால் பிழையாகும் இடம் இது.

விடைச் சொற்களும் ஆராயத்தக்கன. ‘எனக்கு நண்பர்கள் இல்லை’ என்னும் கூற்றுக்குக் குழந்தை ‘இல்லை’ என விடையளிப்பின், நண்பர்கள் இல்லை என ஒத்துக்கொள்கிறதா, அக்கூற்றையே மறுக்கிறதா என்பது விளங்காது. எதிர்மறைக் கூற்றுக்கு ‘ஆம், இல்லை’ என்னும் விடைமுறை தமிழில் இருபொருள்படும். ‘எனக்குப் பொருந்தும்’, ‘எனக்குப் பொருந்தாது’ என அமைத்தல் இதனைத் தவிர்க்கும்.

தன்மை வினைமுற்றில் பால்வேறுபாடு இல்லை. ஆயின் ‘நல்லவன்’, ‘நல்லவள்’ என்னும் பெயர்களில் உண்டு. இதனைத் தவிர்க்க ‘நல்ல பிள்ளை’ எனின், அது சொற்கேட்டு நடக்கும் பிள்ளையைக் குறித்துவிடும். தன்மதிப்பை அளக்க வந்த கூற்று, பணிவை அளப்பதாகிவிடும். ஹார்ட்டரின் படர்க்கைப் பன்மை வடிவம் தமிழுக்கு இயல்பாகப் பொருந்துவது, ‘சில பிள்ளைகள்... வேறு சில பிள்ளைகள்’ என்பதில் பாற்சிக்கல் எழுவதில்லை.

கலைச்சொல்லே முதற்சிக்கல் என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும். ‘சுயமரியாதை’ என்பது 1925ஆம் ஆண்டில் தோன்றிய இயக்கத்தின் பெயராகிச் சமூக உரிமைப் பொருளை ஏற்றது. ‘தன்மானம்’ இழிவு நேர்கையில் காக்கப்படுவது. பிறர்முன் நிற்கும் நிலையைச் சார்ந்தது. ‘தற்பெருமை’ பழிக்கப்படுவது. ‘தன்மதிப்பு’ என்பதே ரோசன்பர்க் கருதிய, போதுமானவன் என்னும் உணர்வுக்கு ஓரளவு அணுக்கமானது. எனினும் கலைச்சொல்லாகப் பொருந்தும் இச்சொல், பத்து வயதுக் குழந்தையின் பேச்சில் வழங்குவது அரிது. கட்டுரைத் தலைப்புக்கு உரிய சொல்லும் வினாத்தாளுக்கு உரிய சொல்லும் வேறுவேறாக இருத்தல் தவறன்று.

8. முடிவுரை

மொழிபெயர்த்ததை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடும் முறையை ரிச்சர்டு பிரிஸ்லின் 1970ஆம் ஆண்டில் விளக்கினார். அது இன்றியமையாததே, ஆயினும் ‘விரும்புகிறேன்’ என்பதை மீண்டும் ஆங்கிலமாக்குபவர் மூலத்தின் வடிவத்தையே எளிதில் எட்டிவிடுவார், பிழை மறைந்தே நிற்கும். குழந்தைகளிடமே கூற்றைக் காட்டி, அதிலிருந்து என்ன விளங்கிற்று எனக் கேட்டறிதலே அப்பிழையை வெளிக்கொணரும். குறைந்த மதிப்பெண் பெற்ற குழந்தை ஆலோசகரிடம் அனுப்பப்படலாம். அதன் பெற்றோர் கவலையுறலாம். அக்குறை குழந்தையின் மனத்திலுள்ளதா, வாக்கியத்திலுள்ளதா எனப் பிரித்தறியும் பொறுப்பு உளவியலாரைப் போன்றே மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது.