வில்லியனூர், பாகூர் கிறித்தவர் வழக்கில் கடவுளும் தந்தையும்

கடவுளைத் தந்தை என்று அழைப்பது கிறித்தவ வழிபாட்டின் அடிப்படைகளுள் ஒன்று. அச்சொல்லைக் கேட்கும் குழந்தையின் மனத்தில் முதலில் தோன்றுவது அதன் வீட்டுத் தந்தையே. புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களான வில்லியனூர், பாகூர் பகுதிகளில் கத்தோலிக்கர் கடவுளை எவ்வாறு கண்டனர் என்பதை அறிய, மறைநூலோடு அவர்களுடைய வீட்டு வழக்கையும் பார்க்க வேண்டும்.

சொல் வந்த வழி

தமிழில் முதலில் அச்சேறிய கிறித்தவ நூல்களுள் ஒன்றின் பெயர் 'தம்பிரான் வணக்கம்' (1578, கொல்லம்). தம்பிரான் என்றால் தலைவன். பின்னர் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலியின் வழியில் 'சர்வேசுரன்' நிலைபெற்றது. இவ்விரண்டும் ஆள்பவனைக் குறிக்கும் பெயர்கள். தந்தை என்னும் பொருளுக்கு வடமொழிச் சொல்லான 'பிதா' எடுத்துக்கொள்ளப்பட்டது. எந்த வீட்டிலும் பிள்ளைகள் அப்பனைப் 'பிதா' என்று கூப்பிட்டதில்லை. 'மாதா, பிதா, குரு, தெய்வம்' என்ற முதுமொழியில் மட்டும் அச்சொல்லைக் கேட்டிருப்பார்கள். அதிலும் மாதாவே முன்னால் நிற்கிறார்.

வீட்டுச் சொல் வேறொரு வழியாக உள்ளே வந்தது. பேதுருவுக்கு இராயப்பர், யோவானுக்கு அருளப்பர், யோசேப்புக்குச் சூசையப்பர் என்று புனிதர் பெயர்களோடு 'அப்பர்' ஒட்டிக்கொண்டது. பவுல் என்ற பெயரின் இலத்தீன் மூலத்துக்குச் 'சிறியவர்' என்று பொருள். அதனால் அவர் சின்னப்பர் ஆனார். சிற்றப்பனைச் 'சின்னப்பா' என்று அழைக்கும் ஊர்களில் இது எத்தனை நெருக்கமாக ஒலித்திருக்கும்! 1955இல் புதுச்சேரிப் பேராயர் பொறுப்பேற்ற முதல் இந்தியரான அம்புரோஸ் இராயப்பனின் பெயரிலும் இந்த 'அப்பன்' உண்டு. கடவுள் பிதாவாக எட்டி நிற்க, புனிதர்கள் அப்பன்களாக வீட்டுக்குள் வந்தனர்.

சாமியாரும் ஊர்த் தந்தையும்

இயேசு சபை கலைக்கப்பட்ட பின், 1776இல் பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்கள் புதுச்சேரி மறைப்பணியை ஏற்றனர். கிராமத்தாருக்குக் குரு 'சாமி'. திருமணம், தகராறு, வறட்சிக்கால உதவி என எல்லாவற்றுக்கும் அவரிடமே போனார்கள். தந்தையின் அதிகாரம் முழுவதும் அவரிடம் இருந்தது, தந்தை காட்டக்கூடிய ஓரவஞ்சனையும் சேர்த்து. புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினரைப் பிரித்து வைத்த சுவர் 1745இல் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். உங்கள் சீடர்களான எங்களில் வேற்றுமை ஏன் என்று அவர்கள் குருவிடம் முறையிட்டதன் விளைவு அது. ஒரே தந்தைக்குப் பிள்ளைகள் என்னும் போதனையை அதைக் கற்பித்தவர்களிடமே அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். சுவர் போனாலும் பாகுபாடு உடனே போய்விடவில்லை.

தாய் வழியாகத் தந்தையிடம்

பல வீடுகளில் பிள்ளைகள் தாயை 'நீ' என்பார்கள், தந்தையை 'நீங்க' என்பார்கள். தந்தையிடம் பணமோ அனுமதியோ வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லிக் கேட்கச் சொல்வதே வழக்கம். வில்லியனூர் தூய லூர்து அன்னை ஆலயத்தின் செல்வாக்கை இவ்வழக்கோடு சேர்த்துப் பார்க்கலாம். பிரான்சின் லூர்து நகரில் 1858இல் மரியா காட்சியளித்ததாகச் சொல்லப்படும் நிகழ்வுக்குப் பின், 1877இல் பிரான்சிலிருந்து வந்த சுரூபம் இங்கு நிறுவப்பட்டது. பக்தியைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக் குருக்கள். மரியாவின் பரிந்துரை திருச்சபையின் பழைய போதனை. ஆகவே தந்தை மீதான அச்சமே இக்கோயிலை உண்டாக்கியது என்று சொல்வது மிகை. ஆனால் பரிந்துரை என்றால் என்ன என்று இவ்வூரில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. கோயிலுக்கு எதிரேயுள்ள குளத்து நீரை எடுத்துச் செல்வோரில் பிற சமயத்தாரும் பலர்.

தொலைவில் இருந்த தந்தை

1881ஆம் ஆண்டு ஆணைப்படி இந்தியத் தனிநபர் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற பலர் இந்தோசீனாவுக்கு வேலைக்கும் படைக்கும் சென்றனர். அவர்களுள் கிறித்தவர் கணிசமானோர். இத்தகைய வீடுகளில் தந்தை என்பவர் சைகோனிலிருந்து வரும் பணம், கடிதம், சுவரில் தொங்கும் புகைப்படம். 'விண்ணில் இருக்கும் தந்தை' என்பது அப்பிள்ளைகளுக்கு விந்தையாக இருந்திருக்காது.

மற்றொரு வகைத் தொலைவு இன்றும் உண்டு. தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட சாராயம் புதுச்சேரியில் அரசு ஏலம் விடும் கடைகளில் விற்கப்படுகிறது. மதுவின் விலையும் குறைவு. மாலையில் தள்ளாடி வரும் தந்தைக்குப் பயந்து கதவோரம் நிற்கும் குழந்தையிடம், கடவுளும் உன் அப்பாவைப் போல என்று மறைக்கல்வி வகுப்பில் சொன்னால் அது ஆறுதலாகாது. இந்த இடத்தில் ஆசிரியர் உவமையை விட்டுவிட்டு, குழந்தைக்கு அன்பு காட்டிய பாட்டியையோ மாமாவையோ சுட்டுவதே நல்லது. கடவுள் என்பது பெரிதாக்கப்பட்ட தந்தையே என்று சிக்மண்ட் பிராய்டு 1927இல் எழுதினார். பெல்சியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் அந்துவான் வெர்கோத் குழுவினர் பிற்காலத்தில் செய்த ஆய்வுகளோ, மக்கள் மனத்திலுள்ள கடவுள் உருவில் தாய்க்குரிய பண்புகளும் பெருமளவு கலந்திருப்பதைக் காட்டின. வில்லியனூருக்கு இது புதிய செய்தியல்ல.

பிதா, தந்தை, அப்பா

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் வழிபாடு முழுவதும் தமிழுக்கு வந்தது. 'பிதா' மெல்லத் 'தந்தை' ஆயிற்று. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பும் இச்சொல்லையே கொண்டது. இயேசு பேசிய அரமேய மொழியில் தந்தையை விளிக்கும் சொல் 'அப்பா'. தமிழோடு அது ஒத்து ஒலிப்பது தற்செயல்தான், என்றாலும் வேறு பல மொழியினருக்குக் கிடைக்காத வாய்ப்பு. பெந்தெகொஸ்தே சபைகளின் பாடல்கள் இதைத் தயங்காமல் பயன்படுத்துகின்றன. கத்தோலிக்கர் பொதுச் செபத்தில் இன்னும் அவ்வளவு தாராளமாகச் சொல்வதில்லை.

பிரெஞ்சு மொழியில் இயேசு கற்பித்த செபம் 1966இல் மரியாதைப் பன்மையிலிருந்து நெருக்கமான ஒருமைக்கு மாறியது. தமிழில் 'நீர்', 'உமது' என்பவையே நிலைத்திருக்கின்றன. இப்பகுதி வீடுகளில் தாயையும் தந்தையையும் எவரும் அப்படி அழைப்பதில்லை.