எறும்பு காட்டிக் கொடுத்த நோய்

சர்க்கரை நோயைக் காட்டிக் கொடுத்தது எறும்புதான். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை நம் நாட்டு வைத்தியர்கள் அக்காலத்திலேயே கவனித்து, மதுமேகம் என்று பெயர் வைத்தார்கள். மது என்றால் தேன். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் இந்த இனிப்பைப் பற்றி எழுதியது 1674-இல்தான். ருசி பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள், பாவம்! அது சர்க்கரையே என்று 1776-இல் மாத்யூ டாப்சன் காட்டினார்.

ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுவதும் தடுக்க முடியாது. வெளியேறும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கிறது, நாக்கு வறள்கிறது. (இரவில் எழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு.)

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் இந்நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் அவர் தொடங்கிய பொது மருத்துவமனை பின்னர் இந்நோய்க்கான தனி மருத்துவமனையாகவே மாறியது.

அதே சென்னையில் இருந்து செங்கல்பட்டு போகும் வழியில் உள்ளது சிங்கப்பெருமாள் கோவில். அங்கிருந்து ஒரகடம் போகும் சாலையில் இன்று நைட் ஷிப்ட் பஸ்கள் ஓடுகின்றன. இரவெல்லாம் விழித்திருப்பவர் தூக்கம் கலைந்து எழுவது எப்படி? தாகத்துக்கு மெஷின் சூடு, சிறுநீருக்கு டீ, சோர்வுக்கு ஷிப்ட் என்று காரணம் தயாராக இருக்கிறது. அவருக்குப் பகல் தூக்கம்தான் இரவு. அதில் அடிக்கடி எழுந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறையில் எறும்பு வந்து சொல்லாது.