மரக்கலங்களை உக்கவைத்த பூஞ்சணம்

மரத்தை அழிக்கும் பகைகளுள் தீயும் கறையானும் எவர் கண்ணுக்கும் எளிதிற் புலப்படுவன. ஓசையின்றி உள்ளிருந்தே மரத்தை உக்கச் செய்யும் பகையொன்றும் உண்டு. அதுவே பூஞ்சணம். எதிரியின் பீரங்கிக்கு அஞ்சாத ஆங்கிலேயக் கடற்படை இப்பகையின்முன் பலமுறை நிலைகுலைந்த வரலாறு அறியத்தக்கதாகும்.

1677ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் 30 புதிய போர்க்கப்பல்களைக் கட்டுவதற்குப் பணம் ஒதுக்கியது. நாட்குறிப்பினாற் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1684இல் கடற்படை நிருவாகத்துக்கு மீண்டு வந்தபோது, அக்கப்பல்களுட் பல துறைமுகத்திற் கட்டுண்டபடியே உக்கிக் கிடந்தன. அவற்றின் அடித்தளங்களிலே கைமுட்டியளவு பருத்த காளான்கள் முளைத்திருந்தன. கப்பல் கட்டுவோர், போல்டிக் நாடுகளிலிருந்து வந்த பலகைகளின்மீது பழியைச் சுமத்தினர். பீப்ஸ் அதனை ஏற்றாரல்லர். துப்புரவும் காற்றோட்டமும் இன்றிக் கப்பல்களைக் கைவிட்டமையே கேட்டுக்குக் காரணம் என அவர் வாதித்தார்.

அப்பாடம் நிலைக்கவில்லை. நெப்போலியனோடு போர் மூண்ட காலத்திலே ஓக்கு மரம் அரிதாயிற்று, அவசரமோ பெருகிற்று. நன்கு உலராத மரங்கள் கப்பலேறின. 1810இல் டெப்ட்பர்ட் துறையில் நீரில் இறக்கப்பட்ட ‘குயின் சார்லட்’ என்னும் பெருங்கப்பல், கடமையேற்கு முன்னரே உக்கிப்போய், பெருஞ்செலவிற் செப்பனிடப்பட வேண்டியதாயிற்று.

1832இல் கயன் என்பவர் மரத்தைப் பாதரச உப்புக் கரைசலில் ஊறவைக்கும் முறைக்கும், 1838இல் பெத்தெல் என்பவர் கீலெண்ணெயை அழுத்தத்தால் மரத்துட் செலுத்தும் முறைக்கும் காப்புரிமை பெற்றனர். ஆயினும் நோயின் மூலம் தெளிவாகவில்லை. மரம் உக்குவதனாலேயே காளான் தோன்றுகிறது எனப் பலர் எண்ணினர். காளானாலேயே மரம் உக்குகிறது என்பதை 1870களில் ஜெர்மானிய அறிஞர் ரொபேட் ஹார்டிக் நிலைநாட்டினார். மருந்து முன்னே வந்தது. நோயறிவு பின்னே வந்தது.

மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாயிருப்பின் பூஞ்சணம் பொதுவாகத் தொடங்குவதில்லை. ‘உலர் உக்கல்’ என வழங்கும் நோய்க்கும் ஈரமே வித்து. நோயுற்ற மரம் கபில நிறமடைந்து, சிறு சதுரக் கட்டிகளாக வெடிக்கும். தட்டினால் வெற்றோசை எழும். கத்திமுனை எளிதில் இறங்கும். வெண்பஞ்சு போன்ற இழைகளும் துருநிறத் தூளும் காளான் மணமும் ஏனைய அடையாளங்களாம். இவ்விழைகள் செங்கற் சுவரையும் ஊடுருவி அப்பாலுள்ள மரத்தை நாடிச் செல்லவல்லன.

ஆதலின், பூச்சுப் பூசி மறைப்பது பரிகாரமன்று. ஒழுகும் கூரையோ, உடைந்த பீலியோ, ஈரம் வரும் வழியை முதலில் அடைத்தல் வேண்டும். பின்னர் உக்கிய பகுதியை, அதற்கப்பாலுள்ள நல்ல மரத்திலும் சிறிது சேர்த்து வெட்டி நீக்கி, காற்றோட்டம் அமைத்து, மருந்தூட்டிய உலர்ந்த மரத்தைப் பொருத்துதல் முறையாகும்.

தேக்கின் பெருமையும் இவ்வரலாற்றில் இடம்பெறுவது. 1817இல் பம்பாயிலே, பார்சிக் குலத்தவரான வாடியா குடும்பத்துத் தச்சர், மலபார்த் தேக்கினால் ஒரு போர்க்கப்பலைக் கட்டிமுடித்தனர். 1782இல் ஈழத்தின் கீழ்க்கரைக்கு அப்பால் நடந்த கடற்போரின் நினைவாக அதற்குத் ‘திருகோணமலை’ எனப் பெயரிட்டனர். இரு நூற்றாண்டுகள் கடந்தும் அக்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதக்கின்றது. தேக்கினுள் இயல்பாகவுள்ள சாரங்கள் பூஞ்சணத்தை எதிர்ப்பன. எனினும் அக்கப்பலும் பழுதுற்று, 1990ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுக்கு மேலாகப் புதுக்கப்பட்டே மீண்டது. நல்ல மரத்துக்கும் காவல் வேண்டும் என்பதையே பீப்ஸ் அன்று வற்புறுத்தினார்.