ரோல்ஸ்-ராய்ஸ் பாண்டம் I காரின் சிலிண்டர் தலை

சிலிண்டர் தலை (சிலிண்டர் ஹெட்) என்பது எஞ்சின் சிலிண்டர்களின் மேல்வாயை மூடும் பாகம் ஆகும். பெட்ரோல் எரியும் அறைக்கு இதுவே கூரை. இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் 1925-இல் வெளியிட்ட பாண்டம் I காரில் இப்பாகம் கண்ட மாற்றங்கள், அக்கால எஞ்சின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள உதவுகின்றன.

பின்னணி

1906-இல் அறிமுகமான சில்வர் கோஸ்ட் காரில், மும்மூன்று சிலிண்டர்கள் கொண்ட இரண்டு வார்ப்புகள் இருந்தன. தலையும் அவற்றோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. இணைப்பு இல்லாததால் கசிவுக்கு இடமில்லை. 1907-இல் இக்கார் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே 27 முறை ஓட்டிச் சோதிக்கப்பட்டது. ஆனால் உள்ளே படியும் கரியைச் சுரண்டி எடுப்பது கடினமாக இருந்தது. எனவே 1922-இல் வந்த 'டுவென்டி' என்னும் சிறிய காரில், கழற்றக்கூடிய தலை பொருத்தப்பட்டது.

வடிவமைப்பு

பெரிய காருக்கான புதிய எஞ்சின் 'கிழக்கத்திய கவச வண்டி' என்ற மறைபெயரில் இரகசியமாக உருவாக்கப்பட்டது. 7,668 கன செ.மீ. கொள்ளளவுள்ள அந்த எஞ்சினிலும் இரண்டு மூன்று-சிலிண்டர் வார்ப்புகளே இருந்தன. ஆனால் இரண்டையும் கழற்றக்கூடிய ஒரே தலை மூடியது. வால்வுகளும் பக்கத்திலிருந்து தலைக்கு இடம் மாறின.

அலுமினியமும் அரிப்பும்

முதலில் தலை வார்ப்பிரும்பால் ஆனது. 1928-இல் அலுமினியத்துக்கு மாற்றப்பட்டது. அலுமினியம் எடை குறைந்தது; வெப்பத்தை விரைந்து கடத்துவது. அதனால் அறையின் சுவர் அளவுமீறிச் சூடாவது குறைகிறது. எஞ்சின் 'தட்டும்' வாய்ப்பும் குறைகிறது. ஆயினும் காலப்போக்கில் புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் குளிர்விக்கும் நீர் சேர்ந்தால், மின்வேதி வினை நிகழ்ந்து அலுமினியம் அரிக்கப்படும். நீர்வழிகள் குழிவிழுந்து, தலை பழுதடையும். சில நாள் ஓட்டத்தில் தெரியாத இக்குறை, ஆண்டுகள் பல கழிந்த பின்னரே வெளிப்படுவது.

இன்றைய சோதனைகள்

பழைய கார்களைப் புதுப்பிப்போர், பழைய தலையாயினும் புதிதாக வார்த்ததாயினும் சோதித்த பிறகே பொருத்துகின்றனர். நீர்வழிகளை அடைத்துக் காற்றழுத்தம் செலுத்தி, வெந்நீரில் அமிழ்த்துவர். குமிழி வந்தால் விரிசல் உண்டு. இரும்புத் தலையின் விரிசலைக் காந்தத்தூள் காட்டிவிடும். அலுமினியம் காந்தத்தால் ஈர்க்கப்படாது என்பதால், அதற்கு ஊடுருவும் சாயம் பயன்படுகிறது. அடிப்பரப்பின் சமநிலை நேர்விளிம்புச் சட்டத்தால் அளக்கப்படுகிறது. பொருத்தும்போது நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக முடுக்குவர். அதன் பின்னர், குளிர்விப்பு நீரில் அரிப்புத் தடுப்பான் கலந்து, குறித்த காலத்தில் மாற்றிவந்தால் தலை நெடுங்காலம் நிலைக்கும்.