ரங்கூன் பிணவறையில் கிடைத்த கிருமி

1911. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாக இருந்த ரங்கூன். அங்குள்ள பொது மருத்துவமனையின் பிணவறையில் ஆல்ஃபிரட் விட்மோரும், அவருடன் பணியாற்றிய சி.எஸ்.கிருஷ்ணசாமியும் சில உடல்களைப் பரிசோதித்தார்கள். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று எங்கு பார்த்தாலும் சீழ்க்கட்டிகள்! குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைப் போலத்தான் இருந்தது. ஆனால் கிளாண்டர்ஸ் கிருமி நகராது, இது நகர்ந்தது. ஆக, இது புது நோய். 1912இல் இருவரும் அதை அறிவித்தார்கள்.

இறந்தவர்களில் பலர் மார்பின் ஊசிக்கு அடிமையான ஏழைகள். அதனால் 1917இல் கிருஷ்ணசாமி எழுதிய கட்டுரையில் இதை 'மார்பின் ஊசி போடுபவர்களின் இரத்த நச்சு' என்றே குறிப்பிட்டார். உண்மையில் குற்றவாளி ஊசி அல்ல, மண். ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் இக்கிருமி காலில் உள்ள சிறு காயம் வழியாகவோ, மூச்சு வழியாகவோ, குடிநீர் வழியாகவோ உள்ளே போகிறது. 1921இல் 'மெலியாய்டோசிஸ்' என்ற பெயர் வந்தது. 'விட்மோர் நோய்' என்றும் சொல்வதுண்டு. கிருஷ்ணசாமியின் பெயர் எதிலும் ஒட்டவில்லை.

சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ள நடுவயதினரையும் முதியவர்களையுமே இது அதிகம் தாக்குகிறது. நோய் கண்டறியப்படும்போது பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கும். காய்ச்சல், இருமல், எடை குறைவு ஆகியவற்றைப் பார்த்துக் காசநோய் என்று நினைத்துவிடுவார்கள். பென்சிலினும் ஜென்டாமைசினும் இதற்குப் பயன்படாது.

1989இல் தாய்லாந்தில் நடந்த ஆய்வு ஒரு திருப்பம். பழைய சிகிச்சையில் கடும் நோயாளிகளில் 74 சதவீதம் பேர் இறந்தார்கள். செஃப்டாசிடிம் மருந்து கொடுத்தபோது அது 37 சதவீதமாகக் குறைந்தது. ஊசி மருந்து முடிந்த பின்னும் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் மாத்திரை சாப்பிட வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, சேற்று நீரை விழுங்கிய சிலருக்குத் தாய்லாந்திலும் ஆச்சேயிலும் இந்நோய் வந்தது. அதே அலைதான் மாமல்லபுரம் கரையையும் தாக்கியது.

2016இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு இந்நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள். இதில் 44 சதவீதம் தெற்காசியாவில். தமிழ்நாட்டிலும் வேலூர் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டில், மழைக்காலத்தில் வெறுங்காலோடு வயலில் இறங்கும் சர்க்கரை நோயுள்ள ஒரு தாத்தாவுக்குத் தீராத காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் இரத்தத்தை எடுத்துக் கல்ச்சர் செய்து பார்ப்பது அவசியம். பிணவறையில் தெரிந்த உண்மை, இன்று படுக்கையிலேயே தெரிந்துவிடும். தேட வேண்டும், அவ்வளவுதான்.