கிரிவலம் முடிந்ததும் பாதத்தை எப்படிக் கழுவுவது? தோலில் வாழும் 'நல்ல கிருமிகள்' ஏன் முக்கியம்?

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள்தான். பெரும்பாலானோர் வெறும் காலோடு நடக்கிறார்கள். மலைக்கு மேற்கே அடி அண்ணாமலையைத் தொடும்போது ஏறக்குறைய பாதித் தூரம் முடிந்திருக்கும். பாதமும் எரிய ஆரம்பித்திருக்கும். நடந்து முடித்ததும் பலர் செய்வது, சோப்பும் கிருமிநாசினியும் போட்டுப் பாதத்தைப் பரபரவெனத் தேய்ப்பது. அழுக்கு போகட்டும், சரி. ஆனா அதோடு போகக்கூடாத ஒன்றும் போய்விடுகிறது. அது என்ன என்பதைப் பார்க்கலாம்.

தோலில் குடியிருப்பவர்கள் யார்?

நம் தோல் மேல் பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் என ஏராளமான நுண்ணுயிர்கள் எப்போதும் வாழ்கின்றன. இந்தக் கூட்டத்துக்குப் பெயர்தான் 'மைக்ரோபயோம்'. இவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தொந்தரவு தருவதில்லை. சில காவலும் காக்கின்றன. உதாரணத்துக்கு, ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியாவின் சில வகைகள், புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸை அடக்கும் பொருள்களைச் சுரக்கின்றன.

பாதம் மட்டும் ஏன் வேறு மாதிரி?

அமெரிக்க ஆய்வாளர்கள் உடலின் பல இடங்களில் உள்ள பூஞ்சைகளைக் கணக்கெடுத்து, 2013-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அதிக வகை இருந்த இடம் குதிகால். அங்கே சுமார் 80 பேரினங்கள், கால் விரல் இடுக்கில் சுமார் 60, கால் நகத்தில் சுமார் 40. அதனால பாதத்தைக் 'கிருமியே இல்லாத' இடமா மாற்ற நினைப்பது வீண் வேலை.

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது, வியர்வைச் சுரப்பிகள்தான் நிறைய. அதனாலதான் குதிகால் சீக்கிரம் வறண்டு பித்தவெடிப்பு வருகிறது. விரல் இடுக்கு ஈரமாகவே இருந்து சேற்றுப்புண் வருகிறது. ஒரே பாதத்தில் ஒரு இடத்துக்கு ஈரப்பதம் வேண்டும், இன்னொரு இடத்துக்குக் கூடாது.

சோப்பு என்ன செய்கிறது?

ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பி.ஹெச். அளவு சுமார் 5. சாதாரண சோப்புக்கட்டியோ காரத்தன்மை கொண்டது. அளவு 9 முதல் 10 வரை. அடிக்கடி அழுத்தித் தேய்த்தால் தோலின் அமிலப் படலமும் கொழுப்பும் குறையும். நல்ல நுண்ணுயிர்களுக்குப் பிடித்த சூழல் மாறும், தோல் வறண்டு வெடிக்கும். அந்த வெடிப்புதான் கெட்ட கிருமிக்குத் திறந்த கதவு.

'கிருமி எதிர்ப்பு' சோப்பு கூடுதல் நன்மை தருமா? 2016-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ட்ரைக்ளோசான் உட்பட 19 ரசாயனங்களை இத்தகைய சோப்புகளில் தடை செய்தது. சாதாரண சோப்பை விட இவை மேலானவை என்று நிறுவனங்கள் நிரூபிக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

'புரோபயாட்டிக்' க்ரீம் வாங்கலாமா?

கடையில் 'மைக்ரோபயோம்', 'புரோபயாட்டிக்' என்ற பெயரில் விலை கூடிய க்ரீம்கள் வந்துவிட்டன. க்ரீம் கெடாமல் இருக்க அதில் பதப்படுத்தும் பொருள் சேர்ப்பார்கள். அதில் பாக்டீரியா உயிரோடு இருப்பது கஷ்டம். அதனால பெரும்பாலானவற்றில் இருப்பது நொதித்த சாறோ, செத்த பாக்டீரியாவின் துகள்களோதான். தோலை ஈரமாக வைக்க இவை உதவலாம். ஆனா அந்த வேலையை மணமில்லாத சாதாரண மாய்ஸ்சரைசரோ வாசலினோகூடச் செய்துவிடும்.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது?

அரிப்பு வந்ததும் மருந்துக்கடையில் "ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்டு வாங்குவதில்தான். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த க்ரீம்கள் இங்கே தாராளமாகப் புழங்குகின்றன. தடவியதும் அரிப்பு நிற்கும். ஆனா ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைக் குறைப்பதால் பூஞ்சை உள்ளுக்குள் பரவும். படர்தாமரை முன்பை விடப் பெரிதாகத் திரும்பி வரும்.

வழக்கமான டெர்பினாஃபைன் மருந்துக்கு அடங்காத ஒரு பூஞ்சைக்கு 2020-ல் வைத்த பெயரே ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. இது பரவ, இத்தகைய க்ரீம்களின் தவறான பயன்பாடும் ஒரு காரணம் என்கிறார்கள் தோல் மருத்துவர்கள். பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது.

நடந்து வந்ததும் என்ன செய்யலாம்?

* சாதாரண தண்ணீரில் கழுவுங்கள். கொஞ்சமா மென்மையான சோப்பு போதும். கல், பிரஷ் வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டாம்.
* விரல் இடுக்குகளைத் துண்டால் ஒற்றி நல்லா உலர விடுங்கள். அங்கே எண்ணெய், க்ரீம் எதுவும் வேண்டாம்.
* குதிகாலில் ஈரம் காய்வதற்குள் வாசலினோ மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். வெடிப்பு அதிகம் என்றால் யூரியா கலந்த க்ரீம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.
* அரிப்போ வட்டமான தடிப்போ வந்தால் நீங்களே க்ரீம் வாங்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைக்கும் போகலாம்.

யார் கூடுதல் எச்சரிக்கையா இருக்கணும்?

சர்க்கரை நோயாளிகள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்தியதோ, தார் ரோட்டின் சூடு சுட்டதோ தெரியாது. சின்னக் காயம் பெரிய புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைவரை போகலாம். இவர்கள் வெறும் காலோடு நடக்க வேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை. தினமும் இரவு உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். புண், கொப்புளம், நிறமாற்றம் எது தெரிந்தாலும் அடுத்த நாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.