நெஞ்சு நோய்க்குப் பாடம் சொன்ன இளைஞர்கள்

வழக்கமாக இந்த மன்றத்தில் கேள்வி கேட்பவள் நான். இன்று என்னையே பேச வைத்துவிட்டார்கள். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கியவள். ஆனால் கொடுத்த தலைப்பு என் பாட்டியின் கதையைத் தொடுவதால் துணிந்து மேடை ஏறியிருக்கிறேன்.

தலைப்பு இதுதான். நுரையீரல், தீவிர சிகிச்சை, தூக்க மருத்துவம் ஆகிய துறைகளில் பாடம் சொல்லத் தொடங்கியிருக்கும் இளம் ஆசிரியர்களைப் பாராட்டத்தான் வேண்டுமா? மேல்நாட்டு மருத்துவச் சங்கங்கள் இதற்கென்றே விருது வைத்திருக்கின்றன. நம்மிடம் கேட்டால், "தலை நரைக்கட்டும், பிறகு மாலை போடலாம்" என்போம்.

என் பாட்டி லாபு பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1960களின் கடைசியில் இருமலில் இரத்தம் கண்டது. காசநோய். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் சில வாரம் இருந்துவிட்டு லயத்துக்குத் திரும்பினார். அக்காலத்தில் மருந்து ஆறு மாதத்தில் முடியாது. ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகும். முதல் சில மாதங்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே ஐசோனியசிட், பாஸ் மாத்திரைகள். பாஸ் வயிற்றைப் புரட்டும். பாட்டி அதை வாயில் போட்டுக்கொண்டு போய் வாழை மரத்தடியில் துப்பிவிடுவாராம்.

அதைக் கண்டுபிடித்தவர் தோட்டத்து டிரெஸ்ஸர். புதிதாக வேலைக்கு வந்த இளைஞர். அவர் திட்டவில்லை. மறுநாளிலிருந்து பெரட்டு முடிந்ததும் பாட்டியை டிஸ்பென்சரிக்கு வரச் சொல்லி, தன் கண் முன்னே விழுங்க வைத்தார். அதோடு நிற்கவில்லை. என் தாத்தாவையும் ஆயாக்கொட்டகை ஆயாவையும் உட்கார வைத்து, சளியை எங்கே துப்ப வேண்டும், மாத்திரையை எப்படி எண்ண வேண்டும், இருமல் நின்றவுடன் மருந்தை ஏன் நிறுத்தக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். அவர் லீவில் போன நாட்களில் ஆயாதான் எண்ணிக் கொடுத்தாராம்.

"கண் முன்னே விழுங்க வைப்பது" என்ற இந்தச் சின்ன விஷயத்துக்குப் பின்னால் நம் தமிழ் மண்ணின் வரலாறு ஒன்று இருக்கிறது. 1956-இல் மதராஸ் மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து மதராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அதை நடத்த வந்த வாலஸ் ஃபாக்ஸுக்கு அப்போது வயது முப்பத்தைந்துதான். (என் வயதுதான். நான் இன்னும் மைக் பிடித்துக்கொண்டிருக்கிறேன்!)

அன்றைய நம்பிக்கை என்ன? காசநோயாளி என்றால் சானடோரியம் போக வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும். ஏழைக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்? மதராஸ் மையம் 193 ஏழை நோயாளிகளை எடுத்து, ஒரு பாதியைத் தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்பியது. மறு பாதியை நெரிசலான அவர்கள் வீட்டிலேயே வைத்து அதே மருந்தைக் கொடுத்தது. 1959-இல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கட்டிலும் காற்றும் அல்ல, மருந்தைத் தவறாமல் சாப்பிடுவதே முக்கியம்!

தவறாமல் சாப்பிடுகிறார்களா என்று யார் பார்ப்பது? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பிறகு வாரம் இரண்டு முறை நேரில் கொடுக்கும் முறையைச் சோதித்து, 1964-இல் அதன் முடிவையும் வெளியிட்டார்கள். 1990களில் உலகச் சுகாதார நிறுவனம் 'டாட்ஸ்' என்ற பெயரில் நாடு நாடாகக் கொண்டுபோன திட்டத்துக்கு வேர்களில் ஒன்று இதுதான். அதற்கு மருந்து மட்டும் போதாது. பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஆள் வேண்டும்.

தீவிர சிகிச்சையின் தொடக்கமும் இப்படித்தான். 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்தார்கள். இருந்த 'இரும்பு நுரையீரல்' ஒன்றே ஒன்று. மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சென், முப்பத்தாறு வயது, 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட வைத்து, குழாய் வழியே ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். அடுத்த சில மாதங்களில் சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகக் கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். குறுகிய நேரத்தில் அவர்களைப் பழக்கியவர்கள் யார் யார்? இப்சென் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மற்றவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் தோட்டத்து டிரெஸ்ஸர்களுக்குச் சட்டப்படி ஓர் அடையாளம் கிடைத்தது 1965-இல், தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தபோது. அது வேலைக்கான அடையாளம். அவர்கள் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு ஏடும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நீலாய், சிரம்பான் பக்கம் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகள் ஆகிவிட்டன. டிஸ்பென்சரியும் போயிற்று.

இன்று சிரம்பானில் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள், மருத்துவ உதவியாளர்கள் பயிற்சி பெறுகிறார்கள். சுவாசக் கருவியை எப்படித் திருப்புவது, இன்ஹேலரை எப்படி உறிஞ்சுவது, குறட்டைக்குப் பின்னால் இருக்கும் மூச்சடைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுப்பவர்களில் பலர் வேலைக்கு வந்து நாலைந்து வருடம் ஆனவர்கள். இரவு டியூட்டி பார்த்துவிட்டுத்தான் பாடமும் எடுக்கிறார்கள். பதவி உயர்வு நேர்காணலில் கட்டுரை எத்தனை என்று கேட்பார்கள். யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தாய் என்று கேட்பது அபூர்வம். அதனால்தான் அந்த விருதை நான் ஆதரிக்கிறேன், அதுவும் இளமையில் கொடுப்பதை.

இந்த நிகழ்ச்சிக்கு வருமுன் பாட்டிக்குப் போன் போட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டார், நெஞ்சு இன்னும் நன்றாக இருக்கிறது. அந்த டிரெஸ்ஸர் பெயர் என்ன பாட்டி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"டிரெஸ்ஸர் ஐயான்னுதான் கூப்பிடுவோம் ஆயி. பேரு யாரு கேட்டா?"